செராமிக் கலைஞருக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது? மண், சூளை, கிளேஸ் பற்றி ஓர் அறிமுகம்

செராமிக் கண்காட்சிகளில் கலங்களின் அருகே வைக்கப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. இயற்கையின் தாக்கத்தில் உருவானது, கடலின் தாக்கத்தில் உருவானது, மரபின் தாக்கத்தில் உருவானது. பார்வையாளர் குறிப்பைப் படிக்கிறார், கலத்தின் நீல நிறத்தைப் பார்க்கிறார், கடல்தான் என்று உறுதி செய்துகொண்டு நகர்ந்துவிடுகிறார். கலைஞர் கடலை நினைத்தார், மண்ணில் ஒரு வடிவம் செய்தார், அதன்மேல் நீலம் பூசினார், சூளையில் வைத்து உலர்த்தினார் என்ற ஒரு கதை அவர் மனத்தில் தங்கிவிடுகிறது.

இந்தக் கதையில் ஏறக்குறைய எல்லாமே தவறு. அந்த நீலம், பூசப்பட்ட நேரத்தில் நீலமாக இருந்திருக்காது. சூளை என்பது உலர்த்தும் இடமும் இல்லை. நன்றாக உலர்ந்த பிறகுதான் மண்கலத்தை அதற்குள் வைக்கவே முடியும். இவற்றைவிடப் பெரிய தவறு, எண்ணம் முதலில் முழுமையாகத் தோன்றுகிறது, கைவேலை அதை நிறைவேற்றித் தருகிறது என்று நம்புவது. செராமிக் கலையில் எண்ணத்தின் பெரும்பகுதி பொருளின் குணத்திலிருந்தே பிறக்கிறது. மண் எதற்கு இணங்கும், எதற்கு மறுக்கும், நெருப்பு எதை மாற்றும் என்று கொஞ்சமாவது தெரிந்துகொண்டால்தான் ஒரு கலைஞரின் உந்துதலைப் பற்றி அர்த்தமாகப் பேச முடியும். ஆகவே மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

களிமண் ஏன் வளைந்து கொடுக்கிறது

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சில துளி நீர் விட்டு ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகரும். நேராகத் தூக்கிப் பிரிக்கப் பார்த்தால் எளிதில் வராது. களிமண்ணுக்குள்ளும் இதுதான் நடக்கிறது, மிகச் சிறிய அளவில். களிமண் துகள்கள் மணலைப்போல் உருண்டு திரண்டவை அல்ல, தட்டையானவை. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவான அகலம் கொண்ட மெல்லிய தகடுகள். அவற்றுக்கு இடையே நீர்ப்படலம் இருக்கிறது. விரலால் அழுத்தினால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி நகர்கின்றன. விரலை எடுத்தால் நகர்ந்த இடத்திலேயே ஒட்டி நிற்கின்றன. இவ்வாறு உடையாமல் வளைந்து, கொடுத்த வடிவத்தைத் தக்கவைக்கும் குணத்தை நெகிழ்மை என்கிறோம்.

இந்தத் தகடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண் சுருங்குவதற்கும், விரிசல் விடுவதற்கும், கலத்தின்மேல் கண்ணாடிபோல் படியும் கிளேஸே இல்லாமல் ஒரு பானை மின்னுவதற்கும் இவைதான் காரணம்.

எல்லா மண்ணும் ஒரே அளவு நெகிழ்வதில்லை. பாறை சிதைந்த இடத்திலேயே தங்கிவிட்ட வெள்ளைக் களிமண்ணுக்குக் கயோலின் என்று பெயர். அதன் துகள்கள் சற்றுப் பெரியவை. தூய்மை அதிகம், நெகிழ்மை குறைவு. ஆற்று நீர் அடித்துவந்து சேர்த்த மண்ணில் துகள்கள் நுண்மையாகியிருக்கும், வழியில் இரும்பும் கலந்திருக்கும். அதனால் அது நன்றாக நெகிழும், சுட்டால் சிவக்கும். கயோலினோடு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் தூளும் குவார்ட்ஸும் சேர்ந்தது பீங்கான். அது வெண்மையானது, மெலிதாகச் செய்தால் ஒளி ஊடுருவும். ஆனால் சக்கரத்தில் வனைவோரைப் பாடாய்ப் படுத்தும் மண் அது. நீர் கொஞ்சம் கூடினாலும் சரிந்துவிடும், கொஞ்சம் குறைந்தாலும் கிழிந்துவிடும்.

ஒரு கலைஞர் எந்த மண்ணைத் தேர்கிறார் என்பதிலேயே அவருடைய எண்ணத்தில் பாதி அடங்கிவிடுகிறது. 1964இல் பிறந்த பிரிட்டிஷ் கலைஞர் எட்மண்ட் டி வால் பீங்கானில் எளிய சிறு கலங்களை வனைந்து, அவற்றை வரிசைகளாகவும் கூட்டங்களாகவும் அடுக்குகிறார். 2009இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், கூரைக் குவிமாடத்தின் கீழே சிவப்பு உலோக அடுக்கு ஒன்றில் 425 கலங்களை வைத்தார். கையால் வனையப்பட்ட பீங்கான் கலம் இன்னொன்றைப்போல் அச்சாக வராது. அந்தச் சிறு வேறுபாடுகள் இல்லையென்றால் அந்த அடுக்கில் பார்க்க எதுவும் இருந்திருக்காது.

உலரும்போது நடப்பது

நீர் வெளியேற வெளியேறத் தகடுகள் நெருங்குகின்றன. அதனால் கலம் சுருங்குகிறது. உலர்வதிலும் சுடுவதிலுமாகச் சேர்த்து நீளத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். எனவே கலைஞர் எப்போதும் தனக்கு வேண்டிய அளவைவிடப் பெரியதாகவே செய்கிறார்.

சுருங்குவதில் சிக்கல் இல்லை. சீரில்லாமல் சுருங்குவதில்தான் சிக்கல். மெல்லிய விளிம்பு விரைவில் உலரும், தடித்த அடிப்பகுதி தாமதமாக உலரும். ஒரு பகுதி இறுகிவிட்ட நேரத்தில் இன்னொரு பகுதி சுருங்கத் தொடங்கினால் நடுவே விரிசல் விழும். கைப்பிடி ஒட்டும் இடத்தில் பல கலங்கள் உடைவதற்கும் இதே காரணம்தான்: கலமும் கைப்பிடியும் வெவ்வேறு ஈரத்தில் இருந்திருக்கும்.

ஈரத்துக்கும் முழு உலர்வுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. விரலால் அழுத்தினால் குழி விழாது, ஆனால் கத்தியால் செதுக்கலாம். இதைத் தோல் பதம் என்று சொல்வார்கள். செதுக்குவது, சீவி மெலிதாக்குவது, உறுப்புகளை ஒட்டுவது, மேற்பரப்பைத் தேய்ப்பது என்று பல முக்கியமான வேலைகள் இந்தப் பதத்தில்தான் நடக்கின்றன. பதம் தப்பிவிட்டால் எவ்வளவு அழகான எண்ணமாக இருந்தாலும் பயனில்லை. கலைஞரின் நாளை வகுப்பது உந்துதலைவிட இந்தப் பதம்தான் என்று சொன்னால் மிகையாகாது.

சூளைக்குள் மண் என்னவாகிறது

உலர்ந்த கலத்தை மறுபடி நீரில் போட்டால் கரைந்து சேறாகிவிடும். சுட்ட கலம் கரையாது. இந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது?

100 டிகிரி செல்சியஸை ஒட்டி, மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிறது. 450க்கும் 600க்கும் இடையே இன்னொரு வகை நீர் வெளியேறுகிறது. இது மண்ணில் ஊறிய ஈரம் இல்லை; களிமண்ணின் வேதி அமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீர். அது போனபின் திரும்பி வராது. கலம் இனிமேல் சேறாகாது. அது வேறு பொருளாகிவிட்டது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் சட்டென்று சற்று விரிகின்றன; குளிரும்போது அதே வெப்பநிலையில் சுருங்குகின்றன. சூளையை அவசரமாகத் திறப்பவர்கள் கலத்தை இழப்பதற்கு இது ஒரு காரணம்.

1000 டிகிரியை ஒட்டி நிறுத்தினால், உறுதியான, ஆனால் இன்னும் நீரை உறிஞ்சும் கலம் கிடைக்கும். பலர் முதலில் இந்த அளவுக்குச் சுட்டு, பிறகு கிளேஸ் பூசி இரண்டாம் முறை சுடுகிறார்கள். இன்னும் சூடேற்றினால் மண்ணுக்குள்ளேயே ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைக்கத் தொடங்கும். இதைக் கண்ணாடியாதல் என்கிறோம். அது எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் வகைகளைப் பிரிக்கிறார்கள். சுமார் 1000 முதல் 1150 டிகிரி வரை சுட்டது மண்பாண்டம். 1200 முதல் 1300 டிகிரி வரை சுட்டு, ஏறக்குறைய நீர் புகாத அளவுக்கு இறுகியது ஸ்டோன்வேர். பீங்கானுக்குப் பொதுவாக 1250க்கு மேல், சில வகைகளுக்கு 1400 வரையும் வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்ய வேண்டும். மண்ணுக்குள் சிக்கிய காற்றுதான் சூளையில் கலத்தை வெடிக்கவைக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். வெடிக்கவைப்பது நீராவி. முழுதாக உலராத தடித்த சுவரில் ஈரம் தங்கியிருந்து, சூடு வேகமாக ஏறினால், ஆவி வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளந்துவிடும்.

இந்த இயற்பியலையே தன் கலையின் பகுதியாக்கியவர் தோஷிகோ தாகேசு. 1922இல் ஹவாயில் பிறந்து 2011இல் மறைந்த அமெரிக்கக் கலைஞர். கலத்தின் வாயை மூடிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து அவருடைய புகழ்பெற்ற மூடிய வடிவங்கள் பிறந்தன. ஆனால் முழுதாக மூட முடியாது. சூட்டில் வாயுக்கள் வெளியேற வேண்டும். ஆகவே உச்சியில் சிறு துளை ஒன்றை விட்டார். சிலவற்றில், மூடுவதற்கு முன் ஒரு சிறு மண் உருண்டையைக் காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டார். காகிதம் இருந்ததால் உருண்டை ஈரச் சுவரில் ஒட்டவில்லை, சூளையில் காகிதம் எரிந்துபோனது, உருண்டை விடுதலையானது. கலத்தை அசைத்தால் உள்ளே ஒலிக்கும். எண்ணத்தையும் கைநுட்பத்தையும் இந்தக் கலத்தில் எங்கே பிரிப்பீர்கள்?

அவருடைய உந்துதலில் நிலமும் இருந்தது. ஹவாயில் 1959இல் கிலாவேயா இகி எரிமலை வெடித்தபோது எரிந்து பட்டுப்போன மரங்கள் நின்ற பகுதி அவரைப் பாதித்தது. அதை நினைத்து, ஆளுயரத்தையும் தாண்டும் ஒல்லியான மூடிய வடிவங்களைக் கூட்டமாக நிறுத்தினார். எரிந்த காட்டைச் சொல்ல, எரித்து உருவாக்கிய பொருள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தட்டையான துகள்களும் நீரும் சேர்ந்து மண்ணை நெகிழவைக்கின்றன, நீர் போகும்போது மண் சுருங்குகிறது, சூளை அதைத் திரும்ப முடியாத வேறு பொருளாக்குகிறது. இனி நிறத்துக்கு வரலாம்.

கிளேஸ் என்பது கண்ணாடி

கலத்தின் மேல் பளபளக்கும் படலத்துக்குத்தான் கிளேஸ் என்று பெயர். அதைப் பெயின்ட் என்று நினைப்பதே செராமிக் பற்றிய மிகப் பரவலான தவறு. பெயின்ட் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். கிளேஸ் கலத்தின் மேலேயே உருகிக் கண்ணாடியாகி, மண்ணோடு பிணையும்.

அதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது சிலிகா, அதாவது கண்ணாடியை உருவாக்கும் பொருள். ஆனால் அது உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். பெரும்பாலான சூளைகள் அவ்வளவு போகாது, கலமும் தாங்காது. ஆகவே அதன் உருகுநிலையைக் குறைக்கும் பொருள்கள் தேவை. இவற்றை இளக்கிகள் என்கிறோம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் இந்த வேலையைச் செய்கின்றன. ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்புக்கல், விறகுச் சாம்பல் ஆகியவற்றிலிருந்து கிடைக்கின்றன. மூன்றாவது அலுமினா. உருகிய கண்ணாடி கலத்திலிருந்து வழிந்தோடிவிடாமல் அதைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்துகிறது.

இவற்றின் தூளை நீரில் கரைத்து, முதல் முறை சுட்ட கலத்தின் மேல் ஊற்றுகிறார்கள், அல்லது கலத்தை அதில் முக்குகிறார்கள். கலம் நீரை உறிஞ்சிக்கொள்ள, தூள் மேலே படலமாகத் தங்குகிறது. அந்தப் படலம் பெரும்பாலும் வெளிறிய சாம்பலாகவோ மங்கிய செம்மையாகவோ இருக்கும். நீலம் தரும் கோபால்ட் ஆக்சைடு கருப்புத் தூள். கோபால்ட் கார்பனேட் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. இரண்டில் எது கலந்தாலும், ஒரு சதவீதத்துக்குக் குறைவாகவே கலந்தாலும், சூளையிலிருந்து வெளிவருவது ஆழ்ந்த நீலம். ஓவியர் தான் வைக்கும் நிறத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வைக்கிறார். செராமிக் கலைஞர் பார்க்காமலே வைக்கிறார், இன்னும் உண்டாகாத நிறத்தை மனத்தில் கண்டுகொண்டு.

அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது? சோதனை வில்லைகளிலிருந்து. சிறு மண் துண்டுகளில் ஒரே கிளேஸை இரும்பு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம், நான்கு சதவீதம் என்று மாற்றி மாற்றிப் பூசிச் சுட்டு, பின்புறம் குறிப்பெழுதி வைக்கிறார்கள். இரும்பு மட்டுமே எவ்வளவு வித்தை காட்டும் என்று இந்த வில்லைகளில் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு சதவீதத்தில் மென்பச்சை கிடைக்கலாம். எட்டு முதல் பத்து சதவீதத்தில் ஆழ்ந்த கருப்பு கிடைக்கலாம், விளிம்பில் படலம் மெலியும் இடத்தில் அதே கருப்பு துருநிறமாக வெளுக்கும். செராமிக் கலைஞர் ஒருவரின் உந்துதலை அறிய வேண்டுமென்றால், அவருடைய பேட்டியைவிட அவருடைய சோதனை வில்லைகள் இருக்கும் அலமாரியைப் பார்ப்பதையே நான் விரும்புவேன்.

சூளைக்குள் இருக்கும் காற்று

மேலே ஒன்றிரண்டு சதவீத இரும்பில் மென்பச்சை ‘கிடைக்கலாம்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அதே கிளேஸ், அதே வெப்பநிலை. ஆனால் இன்னொரு சூளையில் வெளிறிய மஞ்சளாக வரும். வேறுபாடு, சூளைக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது என்பதில் இருக்கிறது.

காற்று தாராளமாக இருந்தால் உலோகங்கள் தங்கள் ஆக்சிஜனை முழுதாக வைத்துக்கொள்ளும். இது ஆக்சிஜனேற்றச் சூழல். இரும்பு மஞ்சள், பழுப்பு, சிவப்பு நிறங்களையும், செம்பு பச்சையையும் தரும். காற்று வரும் வழியைக் குறைத்தால் எரிபொருள் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த வாயுவுக்கு ஆக்சிஜன் தேவை. மண்ணிலும் கிளேஸிலும் உள்ள ஆக்சைடுகளிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது. இதுவே ஆக்சிஜன் ஒடுக்கம். இப்போது இரும்பு நீலம் கலந்த பச்சையாகவும், செம்பு மிக நுண்ணிய உலோகத் துகள்களாகி இரத்தச் சிவப்பாகவும் மாறும்.

இந்த மென்பச்சைக்குச் செலடான் என்று பெயர். சீனாவில் சோங் அரச மரபின் காலத்தில், 960 முதல் 1279 வரை, லோங்சுவான் சூளைகள் இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றன. ஜேட் கல்லின் நிறத்தை நேசித்த ஒரு பண்பாடு, கொஞ்சம் இரும்பையும் கொஞ்சம் மூச்சுத்திணறும் நெருப்பையும் கொண்டு அந்த நிறத்தை எட்டியது. உந்துதல் கல்லிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் சூளையின் காற்றை அடக்கத் தெரிந்திராவிட்டால் அந்த ஆசை ஆசையாகவே நின்றிருக்கும்.

மின்சூளையில் எரிபொருள் இல்லை. ஆகவே இயல்பாக அது ஆக்சிஜனேற்றச் சூளை. எரிவாயுவாலும் விறகாலும் எரியும் சூளைகளில் ஆக்சிஜனை ஒடுக்குவது எளிது. ஒரு கலைஞரின் நிறங்களைப் பார்த்து வியக்கும் முன், அவரிடம் இருப்பது எந்தச் சூளை என்று கேட்பது நியாயமான முதல் கேள்வி.

மக்டலின் ஒடுண்டோ: ஒரே மண், இரண்டு நிறம்

இப்போது ஒரு கலைஞரிடம் சற்று நேரம் தங்குவோம். மக்டலின் ஒடுண்டோ 1950இல் நைரோபியில் பிறந்தவர். வரைகலை பயின்று 1971இல் இங்கிலாந்து சென்றவர், அங்கே மண்ணின் பக்கம் திரும்பினார். எழுபதுகளின் நடுவில் நைஜீரியாவின் அபுஜாவில் இருந்த மட்பாண்டப் பயிற்சி மையத்துக்குப் போய், குவாரி இனப் பெண்களிடம் கையால் பானை கட்டக் கற்றார். அவர்களில் ஒருவர் லாடி குவாலி. நைஜீரியா தன் 20 நைரா தாளில் அவர் உருவத்தை அச்சிட்டிருக்கிறது. குவாரிப் பெண்கள் சக்கரம் பயன்படுத்துவதில்லை. பானை ஓரிடத்தில் இருக்க, அதைச் சுற்றித் தாங்கள் நடந்து, சுவரை மேலே எழுப்புகிறார்கள்.

பிறகு ஒடுண்டோ அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுக்கும் போனார். அங்கே சான் இல்டெஃபோன்சோ என்னும் பூர்வகுடி ஊரில் மரியா மார்ட்டினெஸ் கருப்புக் கலங்களுக்குப் பெயர் பெற்றிருந்தார். சிவக்க வேண்டிய மண்ணை, சுடுதலின் கடைசியில் நெருப்பின் மேல் சாணத்தூள் கொட்டி மூச்சடக்கிக் கருப்பாக்கும் முறை அவருடையது.

ஒடுண்டோவின் கலங்களில் கிளேஸ் கிடையாது. ஆனாலும் மின்னுகின்றன. எப்படி? மண்ணின் தகடுகளை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா, அவை இங்கே வருகின்றன. கலத்தின் மேல் மிக நுண்ணிய மண்குழம்பைப் பூசி, வழுவழுப்பான கருவியால் நெடுநேரம் தேய்க்கிறார். கண்டபடி சாய்ந்து கிடந்த தகடுகள் எல்லாம் படுத்து ஒரே மட்டத்தில் அமைகின்றன. ஒளி சிதறாமல் திரும்புகிறது. இதற்கு மெருகிடுதல் என்று பெயர். ஆனால் சூடு மிக அதிகமானால் துகள்கள் சுருங்கி உருமாறி அந்தப் பளபளப்பு மங்கிவிடும். ஆகவே இத்தகைய கலங்களை ஸ்டோன்வேர் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குறைந்த சூட்டிலேயே நிற்க வேண்டும்.

நிறத்துக்குத் தனியாக எதுவும் பூசப்படுவதில்லை. காற்று நிறைந்த சூளையில் சுட்டால் மண்ணின் இரும்பு ஆரஞ்சு கலந்த சிவப்பாகிறது. எரியும் பொருள்கள் நிரம்பிய, காற்று குறைந்த சூழலில் மறுபடி சுட்டால், இரும்பு ஆக்சிஜனை இழப்பதோடு கரியும் மண்ணில் படிந்து, கலம் கருக்கிறது. சில கலங்களில் இரண்டும் சந்திக்கின்றன: கருமையிலிருந்து செம்மை மேகமாக எழுகிறது. எகிப்தில் சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன்பே வாய்ப்பகுதி கருத்து உடல் சிவந்த கலங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றையும் உருவாக்கியது இதே வேதியியல்தான்.

ஒடுண்டோவின் வடிவங்கள் மனித உடலை நினைவூட்டுகின்றன: சாயும் கழுத்து, நிறைந்த வயிறு, விரியும் வாய். இதைத்தான் குறிப்புகள் ‘மனித உடலின் தாக்கம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் சக்கரம் எப்போதும் ஓர் அச்சைச் சுற்றிய வட்டத்தையே தரும். உடல் அப்படி இல்லை, அது ஒரு பக்கம் சாயும். கையால் எழுப்பிய சுவர்தான் சாய முடியும். கிளேஸ் போட்டால் கண்ணாடிப் படலம் மேலே வந்து நிற்கும். மெருகிட்டால் பளபளப்பது மண்ணே. குவாரிப் பெண்களிடம் கற்ற கைமுறை, மெருகு, குறைந்த சூடு, அடங்கிய நெருப்பு ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில்தான் அந்த உடல் உருவாக முடிகிறது. எந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் அந்தக் கலம் இல்லை.

சுருக்கமாக: மெருகு தகடுகளின் வேலை, நிறம் காற்றின் வேலை. இரண்டையும் எங்கே நிறுத்துவது என்பது கலைஞரின் வேலை.

குறையாகக் கருதப்பட்டவை

1938இல் வியன்னாவை விட்டு வெளியேறிய செராமிக் கலைஞர்கள் பலரில், லூசி ரீ லண்டன் போய்ச் சேர்ந்தார். கெர்ட்ருட், ஓட்டோ நாட்ஸ்லர் தம்பதி லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். போர்க் காலத்தில் செராமிக் பொத்தான்கள் செய்து பிழைத்த லூசி ரீ, மின்சூளையில் சுட்டவர். கிளேஸைத் தூரிகையால் இன்னும் சுடாத கலத்தின் மேலேயே பூசி, ஒரே முறையில் சுட்டுவிடுவார். அன்றைய பிரிட்டனில் மதிக்கப்பட்ட கிழக்காசியச் சாயல் கிளேஸ்கள் பலவற்றுக்கு ஆக்சிஜன் ஒடுக்கம் தேவை. அந்த வழியில் போகாமல், தன் சூளை எதைத் தருகிறதோ அதற்குள் இறங்கினார். கிளேஸில் சிலிகான் கார்பைடு என்ற தூளைச் சேர்த்தால், உருகும்போது அதிலிருந்து வாயு கிளம்பிக் குமிழிகளாக வெடிக்கும். பரப்பு எரிமலைக் கல்லைப்போல் குழி குழியாக இறுகும்.

நாட்ஸ்லர் தம்பதியில் கெர்ட்ருட் வனைவார், ஓட்டோ கிளேஸ் செய்வார். குமிழியும் குழியும் கிளேஸின் பிழைகள் என்றே வழக்கமாகச் சொல்லப்படும். ஓட்டோ அவற்றைத் திருத்தித் தள்ளாமல், வேண்டுமென்றே வரவைக்கக் கற்றுக்கொண்டார். பிழையைத் திரும்பச் செய்ய முடிந்தால் அது நுட்பமாகிவிடுகிறது.

இது புதியதும் இல்லை. குளிரும்போது கிளேஸ் கலத்தைவிட அதிகமாகச் சுருங்கினால் மெல்லிய விரிசல் வலை படரும். சோங் காலச் சீனாவில் அந்த வலையையே அழகாகக் கொண்டு கலங்கள் செய்தார்கள்.

இடமும் தற்செயலும்

‘சூளை கொடுத்த வரம்’ என்று சொல்வது செராமிக் வட்டாரத்தில் வழக்கம். அதில் உண்மை கொஞ்சம், கற்பனை அதிகம்.

ஜப்பானின் பிசென் கலங்களைப் பாருங்கள். கிளேஸ் பூசாமல், ஒரு வாரத்துக்கும் மேலாக விறகெரித்துச் சுடுவது அங்கே வழக்கம். பறக்கும் சாம்பல் கலத்தின் தோளில் விழுகிறது. சாம்பலில் உள்ள கால்சியமும் பொட்டாசியமும் மண்ணின் சிலிகாவை இளக்கி, அந்த இடத்தில் தானாகக் கிளேஸ் உண்டாகிறது. சில கலங்களில் நெருப்புக் கீற்றுகளாகச் சிவப்புக் கோடுகள் ஓடும். கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நெல் வைக்கோல் சுற்றியதன் தடம் அவை. வைக்கோலின் பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து வரைந்த கோடுகள். பாதுகாப்புக்கு வைத்த வைக்கோல் பிற்காலத்தில் அலங்காரத்துக்காகவே சுற்றப்பட்டது. எந்தக் கோடு எங்கே விழும் என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல முடியாது. ஆனால் வைக்கோல் எங்கே சுற்றப்பட்டது, கலம் நெருப்புக்கு எவ்வளவு அருகில் வைக்கப்பட்டது, எத்தனை நாள் எரிந்தது என்று எல்லாமே முடிவு செய்யப்பட்டவை.

சூளைக்குள் நடப்பதை அறியச் சிறு கூம்புகளையும் வைக்கிறார்கள். குறிப்பிட்ட அளவு சூட்டையும் நேரத்தையும் சேர்த்து வாங்கிய பின் கூம்பு வளையும். வெப்பமானி அந்த நொடியின் வெப்பநிலையை மட்டும் காட்டும். கூம்பு, மண் வாங்கிய மொத்தச் சூட்டைக் காட்டும்.

இடம் பற்றிய பேச்சும் இப்படித்தான் தளர்வாக நடக்கிறது. ஜப்பானியக் கலைஞர் ஷோஜி ஹமாதா 1920இல் பிரிட்டிஷ் கலைஞர் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் சென்று சூளை அமைக்க உதவியவர். ஜப்பான் திரும்பி 1924இல் மஷிகோ ஊரில் குடியேறினார். அவர் அந்த ஊரின் அழகை வரையவில்லை. அந்த ஊரின் மண்ணை வனைந்தார், அங்கு கிடைத்த கல்லைப் பொடித்துச் செம்பழுப்புக் கிளேஸ் செய்தார், சாம்பலைக் கிளேஸில் சேர்த்தார். மஷிகோ அவர் கலத்தின் பொருளாகவே இருந்தது.

ஒரு கலத்தின் முன் நிற்கும்போது

குறிப்பைப் பிறகு படிக்கலாம். முதலில் விளிம்பைப் பாருங்கள். கிளேஸ் மெலிந்து நிறம் மாறுகிறதா? அடுத்து, கீழே வழிந்து தடித்து நிற்கிறதா? சுவர் அச்சைச் சுற்றிய வட்டமா, எங்கேனும் சாய்கிறதா? பளபளப்பு மேலே ஒரு கண்ணாடிப் படலமாகத் தெரிகிறதா, மண்ணே மின்னுகிறதா? ஒரு பக்கம் மட்டும் நிறம் ஆழ்ந்திருந்தால் நெருப்பு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம்.

கடைசியாக அடிப்பகுதி. கிளேஸ் போட்ட கலமானாலும் அடியில் ஒரு வளையம் பெரும்பாலும் வெறும் மண்ணாகவே விடப்பட்டிருக்கும். அங்கேயும் கிளேஸ் இருந்தால், உருகும்போது கலம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே சூளைக்கு அனுப்பும் முன் கலைஞர் அந்த இடத்தைத் துடைத்து எடுத்துவிடுவார். மண்ணின் உண்மையான நிறம், அதன் சொரசொரப்பு, செதுக்கிய கருவியின் தடம், சில வேளைகளில் முத்திரை ஆகியவை அந்த வளையத்தில் இருக்கும்.